ரொட்டியும் சம்பலும்: மலையகத்தின் பசி வரலாறு

அதிகாலை ஐந்து மணி. ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் அடுப்பு எரிகிறது. கோதுமை மாவையும் தேங்காய்ப்பூவையும் உப்புப் போட்டுக் குழைத்து, கையால் தட்டிக் கல்லில் போடுகிறார் ஓர் அக்கா. தொட்டுக்கொள்ள இடித்த மிளகாய்ச் சம்பல். இரண்டு ரொட்டி காலைக்கு, மிச்சம் மலைக்கு. சோறு இரவில்தான் என்றார். பெரட்டுக்கு முன்னர் சோறும் கறியும் ஆக்க நேரமில்லை. கொழுந்துக் கூடையோடு ஏறுபவருக்கு ரொட்டிதான் சிந்தாது, பசியும் தாங்கும்.

இதை மலையகத்தின் பாரம்பரிய உணவு என்கிறோம். ஆனால் இலங்கையில் கோதுமை விளைவதில்லை. நுவரெலியாக் குளிரில் தென்னையும் காய்ப்பதில்லை. இரண்டையும் காசு கொடுத்தே வாங்க வேண்டும்.

19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்தவர்களுக்கு, நிர்வாகங்கள் அரிசி கொடுத்து விலையைச் சம்பளத்தில் கழித்தன. அந்த அரிசி பெரும்பாலும் பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்தது. 1942இல் பர்மா ஜப்பானிடம் வீழ்ந்ததும் பர்மா அரிசி நின்றது. பங்கீட்டில் கோதுமை மா முக்கிய இடம்பிடித்தது. போர் முடிந்த பின்னரும் அது தோட்டத்தை விட்டுப் போகவில்லை.

1973-74இல் உணவு இறக்குமதியும் பங்கீடும் சுருங்கியபோது, சொந்த வயல் இல்லாத தோட்ட மக்களே அதிகம் அடிபட்டார்கள். பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. 1977, 1983 வன்செயல்களுக்குப் பின்னர் பலர் வன்னிக்கு இடம்பெயர்ந்தார்கள். அடுத்து வந்த யுத்தமும் அவர்களை விட்டுவைக்கவில்லை.

முகாம்களில் நிவாரண மாவில் ரொட்டி சுட்ட நமக்கு இந்தக் கதை புதிதல்ல. முள்ளிவாய்க்கால் கஞ்சியை நாம் ருசிக்காகக் குடிப்பதில்லை. இருந்ததைக் கொண்டு உயிர் காத்த உணவு அது. தோட்டத்து ரொட்டியும் அந்த வகைதான். கஞ்சியை ஆண்டுக்கு ஒருமுறை நினைவாகப் பரிமாறுகிறோம். ரொட்டி அங்கு இன்றும் அன்றாடம்.

அதன் விலையைப் பிள்ளைகளின் உடம்பில் காணலாம். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17 வீதம். பெருந்தோட்டங்களில் 32 வீதம்.

2022இல் மா விலை ஏறியபோது என்ன செய்தீர்கள் என்று அக்காவிடம் கேட்டேன். ரொட்டியை மெல்லிசாகத் தட்டினோம் என்றார். பிள்ளைகளுக்கு எண்ணிக்கை குறையக் கூடாதாம்.