பக்க எண்ணும் பொருட்சுட்டியும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வு நூலொன்றைக் கையிலெடுக்கும் மாணவன் பெரும்பாலும் அதன் இறுதிப் பக்கங்களையே முதலிற் புரட்டுகின்றான். அகர வரிசையில் அமைந்த தலைப்புச் சொற்களையும் அவற்றின் எதிரே நிரலாக நிற்கும் பக்க எண்களையும் கொண்ட அப்பகுதியைச் சுட்டி என வழங்குவர். நூலெங்கும் சிதறிக் கிடக்கும் ஒரு கருத்தை ஓரிடத்தில் நின்று காண உதவும் இக்கருவி இன்று மிகச் சாதாரணமானதாகத் தோன்றலாம். ஆயினும், இஃது உருவாகுமுன் இரு வினாக்களுக்கு விடை காணவேண்டியிருந்தது. தேடப்படுவது சொல்லா, கருத்தா என்பது ஒன்று. அது காணப்படும் இடத்தை எவ்வாறு குறிப்பது என்பது மற்றொன்று. சுட்டியின் வரலாறு இவ்விரு வினாக்களின் வரலாறே எனலாம்.

ஐரோப்பாவிலே பதின்மூன்றாம் நூற்றாண்டு பல்கலைக்கழகங்கள் தலையெடுத்த காலமாகும். ஊர்தோறும் சென்று மறையுரை நிகழ்த்தும் துறவியர் சபைகள் தோன்றியதும் அக்காலத்திலேயே. ஆசிரியனுக்கும் போதகனுக்கும் வேண்டிய மேற்கோளை விரைந்து கண்டெடுக்கும் தேவை ஏற்பட்டது. பாரிஸ் நகரில் டொமினிக்கன் சபைத் துறவியர், சென் ஷேர் ஊரினரான ஹியூ என்பவரின் தலைமையில், 1230களில் விவிலியத்துக்கு ஒரு சொல்லடைவு தொகுத்தனர். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே நூற்பெயரும் அதிகார எண்ணும் தரப்பட்டன. ஒவ்வோர் அதிகாரத்தையும் ஏழு கூறுகளாகக் கற்பித்து, அவற்றுக்கு இலத்தீன் நெடுங்கணக்கின் முதல் ஏழு எழுத்துகளையும் இட்டு, சொல் வரும் கூற்றையும் சுட்டினர். எனினும் சொல் பயின்றுவரும் தொடர் அதில் தரப்படவில்லை. ஆதலின், அடிக்கடி வரும் ஒரு சொல்லைத் தேடுவோன் எண்ணிறந்த இடக்குறிப்புகளின் நடுவே திகைக்க நேர்ந்தது. பின்னர் ஆங்கில டொமினிக்கர் தொடர்களையும் சேர்த்து விரித்தெழுதிய அடைவோ கையாள முடியாத அளவுக்குப் பெருத்துவிட்டது.

ஏறத்தாழ அதே காலத்தில் இங்கிலாந்திலே, பின்னர் லிங்கன் மறைமாவட்ட ஆயராக விளங்கிய ரொபேட் குரோஸ்ரெஸ்ற் வேறொரு வழியை மேற்கொண்டார். அவர் தொகுத்தவை சொற்கள் அல்ல, கருத்துகள். 400க்கு மேற்பட்ட தலைப்புகளை வகுத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குறியீடு அமைத்து, தாம் பயிலும் நூல்களின் ஓரங்களில் அவ்வக் கருத்து வரும் இடந்தோறும் அக்குறியீட்டை வரைந்தார். பின் அத்தலைப்புகளின் கீழ் இடங்களை நிரல்படத் தொகுத்தார். இன்று சொல்லடைவு என்றும் பொருட்சுட்டி என்றும் பிரித்துரைக்கப்படும் இரு மரபுகளும் ஏறக்குறைய ஒரே காலத்தில் முகிழ்த்தமை மனங்கொளத்தக்கது.

இனி இரண்டாம் வினாவை நோக்குவோம். கையெழுத்துப் பிரதிகளில் ஒன்றின் பக்கம் மற்றொன்றின் பக்கத்தோடு ஒத்திருப்பதில்லை. எழுதுவோனின் கையும் தோலின் அளவும் வேறுபட, பக்கமும் வேறுபடும். மூலப்பிரதியின் தாள் எண்களைக் கொண்ட சுட்டியை அப்படியே பெயர்த்தெழுதினால், புதிய பிரதியில் அது பயனற்றதாகிவிடும். எனவேதான் அக்கால அறிஞர் பக்கத்தை விடுத்து, நூலின் உட்பிரிவுகளான அதிகாரம், கூறு என்பவற்றையே பெரிதும் நம்பினர்.

அச்சுக்கலை இந்நிலையை மாற்றிற்று. ஒரே பதிப்பின் நூற்றுக்கணக்கான பிரதிகளில் ஒரே சொல் ஒரே பக்கத்தில் நிற்கலாயிற்று. 1470இல் கொலோன் நகரில் ஆர்னோல்ட் தெர் ஹோர்னன் அச்சிட்ட, வேர்ணர் ரோலவிங்கின் சிறு மறையுரை நூலே தாள் எண் அச்சிடப்பெற்ற முதல் நூலாகக் கொள்ளப்படுகின்றது. எனினும் அவ்வழக்கம் உடனே பரவவில்லை; அந்நூற்றாண்டின் இறுதிவரை அச்சான நூல்களிற் பெரும்பாலானவை எண்ணின்றியே வெளிவந்தன. பதினாறாம் நூற்றாண்டிலேதான் பக்க எண் வேரூன்றியது. சூரிச் நகர அறிஞர் கொன்றாட் கெஸ்னர் 1548இல் வெளியிட்ட நூலில், சுட்டி ஆக்கும் முறையையும் விளக்கினார். குறிப்புகளைத் தாளின் ஒரு புறத்தில் மட்டும் எழுதி, துண்டு துண்டாக நறுக்கி, வரிசைப்படுத்தி ஒட்டுவதே அம்முறையாகும்.

சுட்டி நடுநிலையான கருவி அன்று என்பதையும் வரலாறு காட்டுகின்றது. 1698இல் றிச்சட் பென்ற்லி என்னும் அறிஞரைத் தாக்கி வெளிவந்த நூலொன்றில் வில்லியம் கிங் ஒரு நையாண்டிச் சுட்டியைச் சேர்த்தார். பென்ற்லியின் மந்தபுத்தி, புலமைப் பகட்டு முதலியனவே அதன் தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் பக்க எண்ணும் தரப்பட்டிருந்தது. தலைப்பைத் தெரிவு செய்பவனே வாசகனின் பார்வையை வழிநடத்துகின்றான் என்ற உண்மை அவ்வேடிக்கையினுள் அடங்கியுள்ளது.

தமிழ் மரபில் இவ்விரு வினாக்களும் எவ்வாறு எழுந்தன? ஓலைச்சுவடிகளும் பிரதிக்குப் பிரதி வேறுபட்டவையே. ஆயினும் நம் நூல்கள் பெரும்பாலும் செய்யுளாலும் சூத்திரத்தாலும் ஆனவையாதலின், பாட்டெண்ணும் சூத்திர எண்ணும் இடஞ்சுட்டப் போதுமானவையாயின. புறநானூற்றுப் பாட்டுகளின் கீழ்க் காணப்படும் திணை, துறைக் குறிப்புகள் பாட்டின் கருத்துக்கு இடப்பட்ட பழைய தலைப்புகளே. ஆனால் அவை பாட்டோடு நின்றன. ஒரு துறைக்குரிய பாட்டுகள் யாவும் ஓரிடத்தில் திரட்டப்படவில்லை. உ. வே. சாமிநாதையர் தம் பதிப்புகள் பலவற்றின் இறுதியில் அரும்பத முதலியவற்றின் அகராதியை இணைத்தமை இத்துறையில் ஒரு திருப்பமாகும். 1962இல் வ. ஐ. சுப்பிரமணியம் வெளியிட்ட புறநானூற்றுச் சொல்லடைவும், 1967 முதல் 1970 வரை புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட பழந்தமிழ் இலக்கியச் சொல்லடைவும் அப்பணியை மேலெடுத்துச் சென்றன.

எனினும் இவை சொல்லடைவுகள். நிலையாமையைப் பாடும் புறப்பாட்டுகள் யாவற்றிலும் அச்சொல் வருவதில்லை. சொல்லைத் தேடுவோனுக்கு அப்பாட்டுகள் அகப்படா. உரைநூல்களின் நிலை இதனினும் கடினமானது. நீண்ட உரையின் இடையே உரையாசிரியர் போகிற போக்கிற் சொல்லிச் செல்லும் சமூகச் செய்திகளை, பக்க எண்ணோடு கூடிய பொருட்சுட்டியின்றிக் கண்டறிதல் அரிது.

கணினி வந்தபின் இத்தொல்லை நீங்கிவிட்டது எனக் கருதுவோர் உளர். டொனால்ட் நூத் 1978இல் வெளிக்கொணர்ந்த டெக் அச்சுக்கோப்பு முறையும், அதன்மீது லெஸ்லி லாம்போர்ட் அமைத்த லாடெக்கும் கெஸ்னரின் கத்தரிக்கோலுக்கு ஓய்வு அளித்தன. கருத்து வரும் இடத்தில் ஆசிரியர் ஒரு குறியை இட்டால் போதும். பக்கம் மாறும்போதெல்லாம் பொறியே எண்ணைத் திருத்தி வரிசைப்படுத்தித் தரும். ஆனால், எவ்விடத்தில் எக்குறியை இடுவது என்பதை அறிய நூலை உணர்ந்து படித்த ஒருவர் வேண்டும். குரோஸ்ரெஸ்ற் தம் நூல்களின் ஓரங்களில் செய்த பணியும் அதுவேயன்றோ?

இன்றும் தமிழ் ஆய்வு நூல்கள் பல பொருட்சுட்டியின்றியே வெளிவருகின்றன. இதனை அச்சுச் செலவு பற்றிய சிறு குறையாகக் கொள்ளலாகாது. வரலாற்று நூலொன்றின் சுட்டியில் மன்னர் பெயர்களும் போர்களும் இடம்பெற்று, பஞ்சம், கூலி, பெண்கல்வி என்னும் தலைப்புகள் இடம்பெறாதுவிடின், அவைபற்றி நூலுள் எழுதப்பட்டவை எழுதப்படாதவை போலாகிவிடும். சுட்டியே இல்லாத நூலிலோ யாவும் அந்நிலையை எய்தும். ஆதலின், நூலை எழுதி முடித்த ஆய்வாளன், தான் எழுதியவற்றுள் எவை மீண்டும் தேடப்படவேண்டியவை எனத் தன்னையே வினவி, அவற்றுக்குத் தலைப்பும் எண்ணும் அளித்தல் அவன் கடமையாகும். அக்கடமை நிறைவேறும்போதே நூல் முற்றுப்பெறுகின்றது எனலாம்.