கோப்பி அழிவும் இலைக்காப்புக் கோட்பாடும்

இலங்கையின் பொருளாதார வரலாற்றிலே கோப்பிப் பயிரின் வீழ்ச்சி ஒரு பெருந் திருப்பமாகும். கோப்பி அழியத் தேயிலை எழுந்தது என்று கூறிப் பலர் அமைவர். அவ்வழிவின் நடுவே பயிர்ப் பாதுகாப்பு விஞ்ஞானத்தின் அடிப்படைக் கொள்கையொன்று இத்தீவிலே உருப்பெற்றமை பலரும் அறியாத செய்தியாகும்.

1867 இல் கொழும்பு–கண்டிப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. மலைநாட்டுக் கோப்பி கொழும்புப் பண்டசாலைகளிலே உலர்த்தித் தெரிந்தெடுக்கப்பட்டு, கொட்டாஞ்சேனையை அடுத்துள்ள துறைமுகத்தினூடே கப்பலேறியது. 1870 இல் ஏற்றுமதி ஏறத்தாழப் 10 கோடி இறாத்தலாயிருந்தது. ஆயின், அதற்கு முந்திய ஆண்டிலேயே மடுல்சீமையில் கோப்பியிலைகளின் அடிப்புறத்தே செம்மஞ்சட் பொடி காணப்பட்டது. 'ஹெமிலேயா வஸ்டாட்ரிக்ஸ்' எனப் பெயரிடப்பட்ட பங்கசே அதற்குக் காரணம். பெயரின் பிற்கூறு 'பாழாக்குவது' எனப் பொருள்படும்.

1880 இல் ஹரி மார்ஷல் வார்ட் என்னும் இளம் தாவரவியலாளர் இந்நோயை ஆராய அரசினால் வரவழைக்கப்பட்டார். காற்றிலே பரவும் வித்திகள் இலைமீது படிந்து, ஈரத்தில் முளைத்து, இலைவாய்களினூடே உட்புகுகின்றன என்பதை அவர் நிறுவினார். உட்புகுந்த பங்கசை வெளியே பூசும் மருந்து தீண்டாது. ஆதலின், சுண்ணாம்பு, கந்தகம் போன்ற காப்பு வித்தி முளைப்பதற்கு முன்னரே இலைமீது இருத்தல் வேண்டும். நோய் வந்தபின் தீர்ப்பதன்று, வருமுன் காப்பதே வழி என்பது இதன் சாரம். கோப்பியின் இலைவாய்கள் அடிப்புறத்திலேயே அமைந்திருப்பதால், மேற்புறத்தே தூவிய பொடி பெரும்பயன் தராது என்பதும் இதனாற் புலனாகும்.

தோட்டத் துரைமார் எதிர்பார்த்ததோ உடனடி மருந்து. அது கிட்டாத ஏமாற்றத்தினிடையே 1882 இல் வார்ட் இங்கிலாந்து திரும்பினார். 1885 இல் பிரான்சிலே மில்லார்டே, துரிசும் சுண்ணாம்பும் சேர்ந்த போடோக் கலவையின் பயனை வெளியிட்டபோது, இலைக்காப்புக்கு ஏற்ற கருவி கிடைத்தது. இலங்கைக் கோப்பிக்கோ காலம் கடந்துவிட்டது. 1884 இல் ஓரியண்டல் வங்கி முறிந்தது. 1889 இல் ஏற்றுமதி 50 இலட்சம் இறாத்தலளவிற்குச் சுருங்கிற்று. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரின் ஊதியம் நிலுவையாக நின்றது. நோயின் சுமையை இறுதியிற் சுமந்தோர் அவர்களே.

எனினும் கொள்கை அழியவில்லை. இன்று வாழைப்பழத்தின் காம்பழுகலைத் தடுக்கக் கறுவா எண்ணெயும் கராம்பு எண்ணெயும் இலங்கை ஆய்வாளராற் சோதிக்கப்பட்டுள்ளன. வெள்ளவத்தைச் சந்தையிலே தொங்கும் வாழைக்குலைக்கும் அன்று வாடிய கோப்பியிலைக்கும் பொதுவான உண்மை ஒன்றே: காப்பு பகைக்கு முன்னே வந்து நிற்றல் வேண்டும். அதனைக் கற்பதற்கு இத்தீவு கொடுத்த விலை சிறிதன்று.