கஞ்சத்தனம் எழுதிவைத்த வரலாறு: ஸ்காட்லாந்தின் புவர்ஹவுஸ் பதிவேடுகள்

இன்னைக்கு நாம ஸ்காட்லாந்துக்குப் போறோம். கோட்டை, ராஜா, போர் எதுவும் கிடையாது. 19-ஆம் நூற்றாண்டுல யாருமே கவனிக்காம செத்துப்போன ஏழைகளைப் பற்றிய எபிசோட் இது.

கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்துன்னு குடியேறிய ஸ்காட்லாந்துக்காரர்களின் பேரப்பிள்ளைகள் இன்னைக்கு இணையத்துல முன்னோரைத் தேடுறாங்க. கொள்ளுப்பாட்டியின் இறப்புப் பதிவு கிடைக்குது. இறந்த இடம் என்ற கட்டத்துல ஒரு சொல்: புவர்ஹவுஸ். பலர் அதோட தேடலை நிறுத்திடுறாங்க. ஆனா உண்மையில் கதை தொடங்குறதே அங்கதான்.

கொஞ்சம் பின்னணி. ஏழைகளைக் கவனிக்கும் பொறுப்பு ரொம்ப காலமா பெரும்பாலும் திருச்சபையிடம் இருந்தது. 1843-இல் ஸ்காட்லாந்து திருச்சபை பிளவுபட்டது. பழைய ஏற்பாடு இனி தாங்காதுன்னு ஆனபோது, 1845-இல் புதிய ஏழைகள் சட்டம் வந்தது. ஒவ்வொரு பாரிஷுக்கும், அதாவது திருச்சபைப் பகுதிக்கும், ஒரு வாரியம். உதவி கேட்பவர்களை விசாரிக்க ஒரு இன்ஸ்பெக்டர். எல்லாரையும் மேற்பார்க்க எடின்பரோவில் ஒரு தலைமை வாரியம்.

இங்கிலாந்தில் இருந்தது வொர்க்ஹவுஸ். ஸ்காட்லாந்தில் அதற்குப் பெயர் புவர்ஹவுஸ். பெயர் மட்டும் வேற இல்லைங்க. உடம்பில் தெம்பு இருந்து வேலை கிடைக்காதவருக்கு ஸ்காட்லாந்து சட்டப்படி உதவி பெறும் உரிமையே கிடையாது. முதியவர், நோயாளி, அநாதைக் குழந்தை, கணவன் கைவிட்டுப் போன தாய், இப்படிப்பட்டவர்களுக்குத்தான் உதவி. அதிலும் பெரும்பாலானோருக்கு வீட்டிலேயே சிறு தொகை கொடுத்துடுவாங்க. வீட்டில் பார்த்துக்க ஆள் இல்லாதவர்கள்தான் அதிகமா புவர்ஹவுஸுக்குப் போனாங்க. ஏழைகளுக்குப் பல ஊர்களில் அதுவே ஆஸ்பத்திரி. எடின்பரோவின் வெஸ்டர்ன் ஜெனரல் மருத்துவமனையே 1868-இல் புவர்ஹவுஸாகத் திறக்கப்பட்டதுதான். அதனால, அங்கே இறந்தவர் வாழ்நாள் முழுக்கப் பிச்சைக்காரராக இருந்தார்னு முடிவு கட்டிடக் கூடாது. கடைசி ரெண்டு வாரம் நிமோனியாவோட மட்டும் அங்கே இருந்திருக்கலாம்.

சரி, தேடுவது எப்படி? 1855 ஜனவரி 1-இல் ஸ்காட்லாந்தில் அரசுப் பதிவு தொடங்கியது. இங்கிலாந்தின் அக்கால இறப்புப் பதிவுகளில் இல்லாத ஒரு தகவல் இதில் உண்டு: இறந்தவரின் தாய், தந்தை பெயர். தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும் சேர்த்து. ஒரே காகிதத்தில் ஒரு தலைமுறை பின்னால போயிடலாம்.

அடுத்த படி, ஏழைகள் உதவி விண்ணப்பங்கள். கிளாஸ்கோ மிட்செல் நூலகத்தில் இருக்கும் நகர ஆவணக் காப்பகத்தில் இவை ஏராளம். பிறந்த ஊர், பழைய முகவரிகள், மதம், தொழில், குழந்தைகள் வயது, கணவன் எப்போ விட்டுட்டுப் போனான், எல்லாம் இருக்கும். ஏன் இவ்வளவு விவரம்? அக்கறையால இல்லைங்க. பணத்தால. ஒருவர் எந்தப் பாரிஷைச் சேர்ந்தவரோ அந்தப் பாரிஷ்தான் செலவை ஏற்கணும். 1845 சட்டப்படி, ஒரு பாரிஷில் தொடர்ந்து ஐந்து வருஷம் உதவி கேட்காம, பிச்சை எடுக்காம வாழ்ந்தால் அதைச் சேர்ந்தவர் ஆகலாம். மனைவிக்குக் கணவனின் பாரிஷ். அதனால பில்லை வேறொரு பாரிஷ் தலையில் கட்ட, இன்ஸ்பெக்டர் துருவித் துருவிக் கேட்டார். அயர்லாந்தில் பிறந்தவர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பவும் சட்டம் இடம் கொடுத்தது. அந்தக் கஞ்சத்தனம் ஒரு ஏழைப் பெண்ணின் வாழ்க்கையை, பல பணக்காரப் பெண்களின் வாழ்க்கையைவிட விரிவா எழுதி வெச்சிருக்கு.

கல்லறையைத் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். பெயர்க்கல் இல்லாத பொதுக்குழிகள். 1832 உடற்கூறியல் சட்டப்படி, உரிமை கோர யாரும் வராத உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்கலாம். புவர்ஹவுஸுன்னாலே ஏழைகள் நடுங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இறப்புப் பதிவில் நான் முதல்ல பார்க்கச் சொல்றது, தகவல் தந்தவர் என்ற கட்டத்தை. அங்கே புவர்ஹவுஸ் நிர்வாகியின் கையெழுத்து இருந்தால், வயதையும் பெற்றோர் பெயரையும் அப்படியே நம்பாதீங்க. அவருக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். பெற்றோர் கட்டம் காலியாகவும் இருக்கலாம். ஆனா சில பதிவுகளில் மகள் அல்லது மகனின் கையெழுத்து இருக்கும். எழுதத் தெரியாதவர்னா, பேருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. வீட்டில் வெச்சுப் பார்த்துக்க வசதி இல்லாத ஒரு பிள்ளை, பதிவு அலுவலகம் வரை போய் அம்மாவின் பெயரைச் சொல்லியிருக்கு. உங்க தேடலில் அப்படி ஒரு குறி கண்ணில் பட்டால், அடுத்து அந்தப் பிள்ளையைத் தேடுங்க.