பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குள் ஒரு வரலாறு

கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

நீராவி இயந்திரம் என்றால் ஜேம்ஸ் வாட், மின்விளக்கு என்றால் எடிசன், தொலைபேசி என்றால் கிரகாம் பெல். பள்ளிக்கூடம் போன யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். பாத்திரம் கழுவும் இயந்திரம் யாருடையது என்று கேட்டுப்பாருங்கள், பதில் வராது. முப்பத்தொரு வருடம் அறிவியல் பாடம் நடத்தியவன் நான். என் கைக்கு வந்த எந்தப் பாடப்புத்தகத்திலும் அந்தப் பெயர் இருந்ததில்லை. சமையலறையில் நடப்பதெல்லாம் வரலாறு ஆகுமா என்ற எண்ணம்தான் காரணமாக இருக்க வேண்டும்.

அந்தப் பெயர் ஜோசஃபின் காக்ரேன். 1839இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஆஷ்டபுலா என்ற மாவட்டத்தில் பிறந்தவர். தந்தை பொறியாளர். 19 வயதில் திருமணமாகி, இல்லினாய் மாநிலத்தில் ஷெல்பிவில் என்ற ஊரில் குடித்தனம். வசதியான வீடு, அடிக்கடி விருந்து, பரம்பரையாக வந்த விலை உயர்ந்த பீங்கான் தட்டுகள். வேலைக்காரர்கள் கழுவும்போது தட்டுகளின் விளிம்பு உடைந்தது. கொஞ்ச நாள் தானே கழுவிப் பார்த்தார். அலுத்துப்போய் இதற்கு ஒரு இயந்திரம் செய்தால் என்ன என்று யோசிக்க ஆரம்பித்தார். கதை இப்படித்தான் சொல்லப்படுகிறது. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொடக்கத்தில் அவர் கவலைப்பட்டது கழுவுகிற கைகளுக்காக அல்ல, தட்டுகளுக்காக.

அவருக்கு முன்பும் முயற்சிகள் நடந்தன. 1850இல் ஜோயல் ஹௌட்டன் என்பவர் மரத்தால் ஒரு இயந்திரம் செய்து காப்புரிமை வாங்கினார். கையால் கைப்பிடியைச் சுற்றினால் தண்ணீர் தட்டுகள் மேல் வாரி இறைக்கும். தண்ணீர் தெளித்தது, அழுக்கு போகவில்லை.

காக்ரேன் முதலில் அளவுநாடாவைக் கையில் எடுத்தார். தட்டு, கோப்பை, சாஸர் ஒவ்வொன்றையும் அளந்து, அதனதன் அளவுக்குக் கம்பி அறைகள் செய்தார். அந்த அறைகளை ஒரு சக்கரத்தில் பொருத்தி, சக்கரத்தைச் செம்புக் கொப்பரைக்குள் படுக்க வைத்தார். சக்கரம் சுற்றும்போது சுடுசோப்பு நீர் அழுத்தத்தோடு பீய்ச்சி அடிக்கும். பாத்திரம் அசையாமல் நிற்க வேண்டும், தண்ணீர்தான் தேய்க்க வேண்டும் என்பதே அவர் பிடித்த சூட்சுமம். இன்றைய டிஷ்வாஷரும் இந்த ஒரு வரியில்தான் நிற்கிறது.

இடையில் 1883இல் கணவர் இறந்துவிட்டார். கையில் மிஞ்சியது கொஞ்சம் பணமும் நிறையக் கடனும். அதுவரை விருந்து வீட்டு அம்மாளின் யோசனையாக இருந்தது இப்போது பிழைப்பு ஆயிற்று. ரயில்வே மெக்கானிக் ஜார்ஜ் பட்டர்ஸ் என்பவரின் துணையோடு, வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் இயந்திரத்தைக் கட்டினார். 1886 டிசம்பர் 28 அன்று காப்புரிமை கிடைத்தது.

விற்பது அதைவிடக் கஷ்டம். சிகாகோவின் பெரிய ஓட்டல்களுக்கு அவரே நேரில் போனார். ஷெர்மன் ஹவுஸ் ஓட்டலின் முன்கூடத்தைத் துணையில்லாமல் தனியாகக் கடந்து போனதுதான் தன் வாழ்க்கையிலேயே கடினமான காரியங்களில் ஒன்று என்று பின்னாளில் ஒரு பேட்டியில் நினைவுகூர்ந்திருக்கிறார். அதுவரை அப்பாவோ கணவரோ இல்லாமல் வெளியே போய்ப் பழக்கமில்லாத பெண்மணி. ஆனால் ஆர்டரோடு திரும்பினார். 1893இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் அவர் இயந்திரம் பரிசு வாங்கியது. கண்காட்சி உணவகங்களிலும் அது ஓடியது.

ஓட்டல்கள் வாங்கின. மருத்துவமனைகள், கல்லூரிகள் வாங்கின. வீடுகள் வாங்கவில்லை. காரணங்கள் எளிமையானவை. விலை அதிகம். இயந்திரம் கேட்கும் அளவு சுடுதண்ணீரைத் தர அன்றைய வீட்டுக் கொதிகலன்களால் முடியாது. பல ஊர்களில் உப்புத்தண்ணீர் வேறு, சோப்பு நுரைக்கவே நுரைக்காது. காக்ரேன் 1913இல் காலமானார். 1926இல் அவர் கம்பெனியை ஒஹாயோவின் டிராய் நகரத்து ஹோபார்ட் நிறுவனம் வாங்கியது. அதே நிறுவனம் கிச்சன்எய்ட் என்ற பெயரில் வீட்டு டிஷ்வாஷரைக் கொண்டுவந்தது 1949இல். காப்புரிமைக்கும் அதற்கும் இடையே 63 வருடம்.

இந்த 63 வருடத்தின் பொருள் என்ன என்று எனக்குப் புரிய வைத்தது ஒரு பழைய இயந்திரம்.

மகன் வீட்டுக்கு ஒஹாயோ வந்து ஆறு மாதம் தங்கியிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் எழுபது தாண்டியவர், ஓய்வுபெற்ற பிளம்பர். வீட்டின் அடித்தளத்தில் போர்வை போர்த்தி ஒரு டிஷ்வாஷர் வைத்திருந்தார். 1950களில் வந்தது. மேலே மூடி, கீழே சக்கரம். சமையலறைத் தொட்டி வரை உருட்டிக்கொண்டு போய்க் குழாயில் மாட்டும் வகை. கம்பெனி பெயர் இங்கே முக்கியமில்லை.

அது அவர் அம்மாவுடையது. அந்த அம்மாள் இருபது வருடம் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவும் பகுதியில் வேலை பார்த்தவர். பகலெல்லாம் ஓட்டலில் பெரிய இயந்திரத்துக்குத் தட்டு அடுக்குவார். இரவு வீட்டுக்கு வந்து ஆறு பேர் சாப்பிட்ட தட்டைக் கையால் கழுவுவார். கை விரல்கள் வெடித்து எப்போதும் களிம்பு பூசியிருக்குமாம். பிறகு எங்கோ வாங்கிய பழைய இயந்திரம் இது. "அம்மா அன்று ராத்திரி ஒன்றும் செய்யாமல் நாற்காலியில் உட்கார்ந்து அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்" என்றார் அவர். மகள் பழைய இரும்புக்குப் போட்டுவிடச் சொல்கிறாள், இவருக்கு மனம் வரவில்லை. காட்சிப்பொருளாக வைக்கவும் விருப்பமில்லை. ஒரு தடவையாவது அதில் தட்டுக் கழுவ வேண்டும். எனக்கும் பொழுது போகவில்லை. இருவரும் சேர்ந்து இறங்கினோம்.

இனி வருவது வேலை விவரம். இப்படி ஒன்றைத் தேடி எடுத்துச் சரிசெய்ய நினைப்பவர்களுக்கு உதவும்.

முதலில் பார்க்க வேண்டியது உள்தொட்டி. எஃகு மேல் எனாமல் பூச்சு. ஓரிரு இடத்தில் பெயர்ந்திருந்தால் சரிசெய்யலாம், அடிப்பகுதி முழுக்கத் துரு தின்றிருந்தால் விட்டுவிட வேண்டும். இரண்டாவது, மின்சாரம் கொடுக்காமல் கையால் சுற்றினால் மோட்டார் தண்டு சுற்றுகிறதா? மூன்றாவது, தட்டு அடுக்கும் கூடைகள். கம்பி மேல் பூசிய பிளாஸ்டிக் வெடித்து உள்ளே துரு ஏறியிருக்கும். எங்கள் கூடை உளுத்துப்போயிருந்தது. ஒரு மாதம் தேடியதில், இரண்டு மணி நேரப் பயணத் தூரத்தில், காலி செய்யும் ஒரு பழைய வீட்டில் அதே மாடல் கிடைத்தது. அது ஓடாது. ஆனால் கூடை நன்றாக இருந்தது. ஒன்றை ஓட வைக்க இன்னொன்றைப் பிரிப்பதுதான் இந்தத் தொழிலின் வழக்கம்.

திறந்து பார்த்தபோது எனக்கு ஒரு ஆச்சரியம். இன்றைய இயந்திரத்தில் இருப்பது போலத் தண்ணீர் பீய்ச்சும் சுழல்கை அதில் இல்லை. தொட்டியின் அடியில் ஒரு சின்ன விசிறி மட்டும். அது சுற்றித் தண்ணீரை மேலே வாரி அடிக்கும். அதாவது காக்ரேனின் பீய்ச்சல் முறை வந்து எழுபது வருடம் கழித்தும், ஹௌட்டனின் வாரி இறைக்கும் முறை வீட்டு இயந்திரத்தில் உயிரோடு இருந்திருக்கிறது. இங்கிலாந்தில் வில்லியம் லிவன்ஸ் 1924இலேயே முன்கதவும் சுழலும் தெளிப்பானும் உள்ள வீட்டு இயந்திரத்தை வடிவமைத்திருந்தார். ஆனாலும் மலிவாகச் செய்ய முடிந்த விசிறி முறை பல வருடம் தாக்குப்பிடித்தது. நல்ல யோசனை வந்த உடனே பழையது போய்விடும் என்று நினைக்கிறோம். வரலாறு அப்படி நேர்கோட்டில் நடப்பதில்லை.

விசிறித் தண்டு தொட்டியின் அடியைத் துளைத்துக்கொண்டு மோட்டாருக்குப் போகிறது. அந்தத் துளையில் இருக்கும் சீல்தான் இயந்திரத்தின் உயிர்நிலை. அது கசிந்தால் சுடுதண்ணீர் நேராக மோட்டார் மேல் விழும். எழுபது வருட ரப்பர் கல்லாக இறுகியிருந்தது. பழைய பாக எண்ணைச் சொல்லித் தேடினால் கிடைக்காது. தண்டின் விட்டம், துளையின் விட்டம், உயரம் மூன்றையும் அளந்து பம்ப் சீல் விற்கும் கடையில் கேட்டோம், கிடைத்தது. காக்ரேன் மாதிரியே நாங்களும் அளவில்தான் ஆரம்பித்தோம்.

மின்கம்பி உறை தொட்டால் பொடிந்தது. எல்லாவற்றையும் சூடு தாங்கும் புதிய கம்பியாக மாற்றினோம். பழைய பிளக்கில் இரண்டு முனைதான், எர்த் கிடையாது. தண்ணீரும் மின்சாரமும் ஒரே பெட்டிக்குள் இருக்கும்போது இதில் விளையாடக் கூடாது. மூன்று முனை பிளக், உலோக உடம்புக்கு எர்த், கசிவு இருந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புப் பிளக் பாயின்ட் மூன்றும் வைத்த பிறகுதான் சுவிட்சைத் தொட்டோம். அக்காலத்து வெப்பக் காப்புப் பொருளில் கல்நார் இருக்க வாய்ப்புண்டு. அதைச் சுரண்டாமல், ஒரு துணுக்கை ஆய்வகத்துக்கு அனுப்பி, இல்லை என்று தெரிந்த பிறகே கைவைத்தோம்.

அடுத்தது சோப்பு. அன்றைய தூளில் பாஸ்பேட் தாராளமாக இருந்தது. கடினநீரின் கால்சியத்தைப் பிடித்து வைத்து, கண்ணாடியைப் பளபளவென்று ஆக்கியது அதுதான். ஆனால் அது சாக்கடை வழியாக ஏரிக்குப் போனால் பாசிக்கு உரம். 1960களில் ஈரி ஏரி பாசி மண்டி நாறியதற்குச் சோப்புத்தூள் பாஸ்பேட்டும் ஒரு காரணம். காக்ரேன் பிறந்த ஆஷ்டபுலா அந்த ஏரிக்கரையில்தான் இருக்கிறது. 2010இல் பல மாநிலங்கள் டிஷ்வாஷர் தூளில் பாஸ்பேட்டைத் தடை செய்தன. இப்போதைய தூளில் நொதிகள் வேலை செய்கின்றன. அவற்றுக்குச் சூடும் வேண்டும், நேரமும் வேண்டும். பழைய இயந்திரமோ சில நிமிடத்தில் கழுவி முடித்துவிடும், தண்ணீரையும் குழாயில் வரும் சூட்டுக்கே நம்பியிருக்கும். அதனால் குழாயைத் திறந்து நல்ல சுடுநீர் வந்த பிறகு இயந்திரத்தை மாட்டினோம், கழுவும் சுற்றை இரண்டு முறை ஓடவிட்டோம். நம் பாட்டிமார் சாம்பலால் தேய்த்ததும் ஒரு வேதியியல்தான். சாம்பலில் உள்ள காரம் எண்ணெய்ப் பசையைச் சோப்பாக மாற்றிவிடும்.

வெளியேறிய தண்ணீரை வாளியில் பிடித்து அளந்தேன். பழக்கம் விடாது. எங்கள் இரட்டைச் சுற்றுக்குச் சுமார் 40 லிட்டர் ஆயிற்று. 2013இல் நடப்புக்கு வந்த அமெரிக்கச் சட்டம் புதிய சாதாரண அளவு இயந்திரத்துக்கு அனுமதித்தது ஒரு தடவைக்குச் சுமார் 19 லிட்டர். ஆகவே தினசரி உபயோகத்துக்குப் புதியதே நல்லது, சந்தேகமில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குப் பழையது இருந்துவிட்டுப் போகட்டும்.

இதைக் கேள்விப்பட்ட ஒரு பழைய மாணவன், அமெரிக்காவிலிருந்து இப்படி ஒன்றை ஊருக்குக் கொண்டுவரலாமா சார் என்று போனில் கேட்டான். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம்மிடம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வோல்ட்டை டிரான்ஸ்ஃபார்மர் குறைத்துத் தரும், ஹெர்ட்ஸை மாற்றாது. மோட்டார் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து ஓடும், சூடாகும். டைமரும் மெதுவாகும், ஒரு மணி நேரச் சுற்று 72 நிமிடம் ஆகும். வேண்டாம் தம்பி என்றேன்.

இயந்திரம் ஓடியது. முதல் சுற்றில் ஆறு தட்டு, ஆறு கிண்ணம், அம்மாளுடைய பழைய பீங்கான் கோப்பை ஒன்று. சத்தம் பலமாகத்தான் இருந்தது. அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் பேசவில்லை.

எனக்குத் தோன்றியது இதுதான். ஒரு கண்டுபிடிப்பின் தேதியைக் காப்புரிமைப் பத்திரம் சொல்கிறது. ஆனால் அது யார் கையைச் சென்று சேர்ந்தது, எப்போது சேர்ந்தது என்பதை அந்தப் பத்திரம் சொல்லாது. 1886 என்பது ஜோசஃபின் காக்ரேனின் தேதி. ஓட்டலில் தட்டு அடுக்கிய அந்த அம்மாளின் தேதி அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் வந்தது. நம் ஊரிலும் தினமும் நாலைந்து வீடுகளில் குனிந்து பாத்திரம் தேய்க்கும் பெண்களுக்கு அது இன்னும் வரவில்லை.

2006இல் காக்ரேனின் பெயரை அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் மன்றத்தில் சேர்த்தார்கள். தகுதியான பெருமை. ஷெல்பிவில் வீட்டில் அந்தப் பீங்கான் தட்டுகளைக் கழுவிய வேலைக்காரர்களின் பெயர் எங்கும் இல்லை. தட்டு உடைத்தவர்கள் என்ற ஒரு வரியில் அவர்கள் நிற்கிறார்கள். அவர்களும் இந்த வரலாற்றைச் சேர்ந்தவர்கள்தான்.

ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கண்டுபிடிப்பாளர்கள் பாடம் நடத்தும்போது காக்ரேன் பெயரையும் சொல்லுங்கள். கூடவே, உங்கள் வீட்டில் பாத்திரம் கழுவுவது யார் என்று பிள்ளைகளை ஒரு பக்கம் எழுதிவரச் சொல்லுங்கள்.