எலும்பு கழன்று வரும் வரை

ஒரு விரற்கடை கனம், தட்டை மறைக்கும் அகலம், ஊடே தோள்பட்டை எலும்பின் ஒரு கீற்று. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தார் ‘போர்க் ஸ்டேக்’ என்று கேட்டு வாங்குவது இதைத்தான்.

பன்றியின் முன்னங்காலுக்கு மேலே, தோள்பட்டையைக் குறுக்கே அறுத்தெடுத்த துண்டு இது. அந்தப் பகுதிக்கு அமெரிக்கக் கறிக்கடையில் ‘பாஸ்டன் பட்’ என்று பெயர். ஆங்கிலத்தில் ‘பட்’ என்றால் பிட்டம், கறியோ முன்பக்கத்தது! நியூ இங்கிலாந்தில் இந்தக் கறியை உப்பிட்டு அடைத்த பீப்பாய்க்கு ‘பட்’ என்று பெயர், அதுவே கறிக்கும் ஒட்டிக்கொண்டது என்று ஒரு கதை உண்டு. இத்தனை கச்சிதமாக இருப்பதாலேயே அதைக் கொஞ்சம் சந்தேகிக்கத் தோன்றுகிறது.

செயின்ட் லூயிஸ் மிசிசிப்பி ஆற்றின் மேற்குக் கரையில், மிசோரி மாநிலத்தில் இருக்கிறது. எதிர்க்கரை இல்லினாய் மாநிலம். அங்கே 1873-இல் ‘நேஷனல் ஸ்டாக்யார்ட்ஸ்’ என்ற கால்நடைச் சந்தை திறந்தது. சுற்றுவட்டார மக்காச்சோளப் பண்ணைகளில் தின்று கொழுத்த பன்றிகள் ரயிலில் வந்து இறங்கின. ஆர்மர், ஸ்விஃப்ட் போன்ற பெரிய இறைச்சி நிறுவனங்கள் பக்கத்திலேயே தொழிற்சாலை போட்டன. சந்தை 1997 வரை நடந்தது. முதுகுக்கறிக்கும் பின்னந்தொடைக்கும் நல்ல விலை. நாரும் கொழுப்பும் பின்னிக் கிடக்கும் தோள்பட்டை மலிவு. ஆலைத் தொழிலாளி வீட்டு அடுப்புக்கு அது வந்து சேர்ந்ததில் வியப்பில்லை.

அதை முதன்முதலில் ஸ்டேக்காக அறுத்தது யார்? 1939-இல் இந்நகரில் தொடங்கிய ‘ஷ்னக்ஸ்’ மளிகைக் கடையின் கறிப் பிரிவில், 1950களில்தான் இது பிறந்தது என்று அந்தக் கடை உரிமை கொண்டாடுகிறது. ஆனால் ‘போர்க் ஸ்டேக்’ என்ற பெயர் அதற்கு வெகுகாலம் முன்பே அமெரிக்கக் கறிக்கடை விலைப்பட்டியல்களில் இருந்தது. கண்டுபிடித்த பெருமையை முழுதாகத் தூக்கிக் கொடுக்க முடியாது. வேண்டுமானால், ஊர்ப் பழக்கமாக்கிய பெருமையில் பங்கு கொடுக்கலாம்.

காலமும் கூடி வந்தது. 1952-இல் சிகாகோ பக்கம் ஜார்ஜ் ஸ்டீஃபன் என்பவர், தான் வேலை பார்த்த பட்டறையில் செய்த உலோக மிதவை உருண்டையை இரண்டாக வெட்டி, மூடி வைத்த கரி அடுப்பாக்கினார். ‘வெபர்’ அடுப்பு அப்படித்தான் வந்தது. கொல்லைப்புறச் சமையல் நாடெங்கும் பரவிய பத்தாண்டு அது.

ஸ்டேக் என்றால் சட்டென்று வாட்டி எடுப்பது. தோள்பட்டையை அப்படி எடுத்தால் செருப்புத் தோலைக் கடித்த கதைதான். பன்றி நாள் முழுக்க ஊன்றி நடக்கும் தசை. அதில் கொலாஜன் அதிகம். 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் நெடுநேரம் நின்றால்தான் அது ஜெலட்டினாக இளகும். ஆட்டுக்கால் பாயா சாப்பிட்டபின் விரலில் பிசுபிசுக்குமே, அதே சங்கதி.

ஆகவே செயின்ட் லூயிஸ் வீடுகளில் இதற்கு இரண்டு சமையல். முதலில் கரி நெருப்பில் இருபுறமும் சிவக்க வாட்டுவார்கள். கொழுப்பு சொட்டித் தணல் குபீரென்று எரியும். பிறகு அலுமினியத் தட்டில் அடுக்கி, வெங்காயம் அரிந்து போட்டு, பார்பிக்யூ சாஸை மூழ்கும் அளவுக்கு ஊற்றுவார்கள். பழைய ஆட்களுக்கு அது ‘மால்ஸ்’ சாஸாகத்தான் இருக்க வேண்டும். உள்ளூர்ச் சரக்கு, 1926-இல் வந்தது. அதோடு பீர். ஜெர்மானியக் குடியேறிகள் மதுவடிசாலைகளாகக் கட்டிய ஊர், 1876-இல் பட்வைசர் பிறந்த ஊர். தண்ணீர் ஊற்றுவார்களா என்ன! தட்டை மூடி, தணல் குறைந்த பக்கமாகத் தள்ளி வைத்தால் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் கொதிக்கும். பனிக்காலத்தில் இதே வேலையை அடுக்களை ஓவன் செய்துவிடும்.

பதம் பார்ப்பது எளிது. மூடியைத் திறந்து, அந்த எலும்புக் கீற்றை இடுக்கியால் இழுத்துப் பார்க்க வேண்டும். கறி ஒட்டாமல் வெள்ளையாகக் கழன்று வந்தால் இறக்கலாம். வராவிட்டால் இன்னும் கொஞ்சம் பீரை ஊற்றித் திரும்ப மூடிவிட வேண்டியதுதான்.