சுஃப்ராவிலிருந்து டீப்பாய் வரை: ஒரு குட்டை மேசையின் வரலாறு

 

திருமணச் சீர்ப் பட்டியலில் கட்டில், பீரோ, சோஃபா ஆகியவற்றோடு இப்போது ‘டிசைனர் டீப்பாய்’ என்ற ஒன்றும் சேர்ந்துவிட்டது. வரவேற்பறையின் நடுவே நிற்கும் அந்தக் குட்டை மேசைக்காகப் பெண் வீட்டார் தவணைக் கடன் வாங்குவதையும், அந்தத் தவணைக்குள் வட்டி ஒளிந்திருப்பதையும் நாம் நம் மஹல்லாக்களிலேயே காண்கிறோம். பொருள் சிறியது, அதன் வழியாக வீட்டுக்குள் நுழைவது சிறியதன்று.

ஆனால் அந்த மேசையின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் வியப்பான ஓர் உண்மை வெளிப்படுகிறது. எண்கோண வடிவம், நட்சத்திரப் பின்னல், துண்டு துண்டாகச் சேர்த்த மர வேலைப்பாடு என்று இன்று அதிக விலைக்கு விற்கப்படும் அழகுகள் பலவும், மரத்துக்குப் பஞ்சம் இருந்த முஸ்லிம் நகரங்களில் தச்சர்களின் சிக்கனத்தால் செழித்தவை. அந்த வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

சுஃப்ராவும் கிவானும்

நபி (ஸல்) அவர்களின் இல்லத்தில் உணவு மேசை இருந்ததில்லை. அவர்கள் ‘கிவான்’ எனப்படும் உயர்ந்த மேசையில் வைத்து உண்டதில்லை என்று அனஸ் (ரலி) அறிவிக்கும் செய்தி ஸஹீஹ் புகாரியில் பதிவாகியுள்ளது. அப்படியானால் எதன் மீது வைத்து உண்டார்கள் என்று கேட்கப்பட்டபோது, சுஃப்ராக்களின் மீது என்று கதாதா (ரஹ்) விடையளித்தார்கள். சுஃப்ரா என்பது தொடக்கத்தில் பயணிகள் உணவை முடிந்து எடுத்துச் செல்லும் தோல் விரிப்பு. முடிச்சை அவிழ்த்துத் தரையில் விரித்தால் அதுவே உணவுத் தளமாகிவிடும். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் விரிப்பை விரித்து, ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்ணும் பழக்கம் அந்த மரபை நினைவூட்டுவதாகும்.

இதனால் மேசை ஹராம் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டியதில்லை. ஹிஜ்ரி 505-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது இஹ்யாவில் உணவு ஒழுங்குகளைப் பேசும் இடத்தில், தரையில் விரித்து உண்பது பணிவுக்கு நெருக்கமானது என்று கூறிவிட்டு, மேசையில் வைத்து உண்பது தடுக்கப்பட்டதன்று என்றும் தெளிவுபடுத்துகிறார்கள். பிற்காலத்தில் வந்த பொருள் என்பதாலேயே ஒன்று விலக்கப்பட்டதாகிவிடாது. அது எப்படி வந்தது, எதற்காக வந்தது என்பதே கேள்வி.

மதீனாவின் மரங்கள்

மரவேலை நபிமார்களின் கைத்தொழில்களுள் ஒன்று. ஸக்கரிய்யா (அலை) தச்சராக இருந்தார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. பலகைகளாலும் ஆணிகளாலும் ஆன நூஹ் (அலை) அவர்களின் கப்பலை அல்கமர் அத்தியாயம் குறிப்பிடுகிறது.

மஸ்ஜிதுந் நபவியில் முதலில் மிம்பர் இல்லை. நபி (ஸல்) அவர்கள் பேரீச்ச மரத்தண்டு ஒன்றின் அருகில் நின்று குத்பா நிகழ்த்தினார்கள். பின்னர் அன்ஸாரிப் பெண்மணி ஒருவரின் பணியாளரான தச்சர் ஒரு மிம்பர் செய்து கொடுத்தார். அது மதீனாவை அடுத்த ‘ஃகாபா’ என்னும் காட்டின் அஸ்ல் மரத்தால் ஆனது என்று ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அறிவிக்கிறார்கள். அஸ்ல் வறண்ட நிலத்தில் வளரும் சாதாரண மரம். இஸ்லாமிய வரலாற்றின் மிகச் சிறப்பான மரப்பொருள், பக்கத்துக் காட்டில் கிடைத்ததைக் கொண்டு செய்யப்பட்டது. அதன் மதிப்பு மரத்தின் விலையால் வந்ததன்று.

பள்ளிவாசலின் கூரை அப்போது பேரீச்ச மட்டையாலும் தூண்கள் அதன் தண்டாலும் ஆனவை. உமர் (ரலி) விரிவாக்கியபோதும் அதே பொருள்களையே பயன்படுத்தினார்கள். உஸ்மான் (ரலி) காலத்தில்தான் செதுக்கிய கல்லும் ‘ஸாஜ்’ மரக்கூரையும் வந்தன. ஸாஜ் என்றால் தேக்கு. அது அரபு மண்ணில் விளைவதில்லை. கடல் கடந்து இந்தியாவிலிருந்து வந்த மரம். நாம் வழங்கும் தேக்கு என்னும் சொல்லே மலையாளக் கரையில் போர்த்துகீசியர் வாயில் ‘டெக்கா’ ஆகி, பிறகு ஆங்கிலத்துக்குப் போனது. துனீசியாவின் கைரவான் பெரிய பள்ளிவாசலில், கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் செய்யப்பட்டு இன்றும் நிற்கும் மிம்பர் தேக்கினால் ஆனது. இன்று எஞ்சியிருக்கும் மிம்பர்களுள் அதுவே மிகப் பழமையானது. 300-க்கும் மேற்பட்ட செதுக்குப் பலகைகள் அதில் உள்ளன.

பற்றாக்குறை கற்பித்த கலை

எகிப்திலும் சிரியாவிலும் அகலமான நல்ல பலகை கிடைப்பது அரிது. எகிப்தில் உறுதியான மரம் பெரும்பாலும் இறக்குமதிதான். போதாக்குறைக்கு அந்த வறண்ட வெயிலில் அகலமான பலகை வளையும், வெடிக்கும். இந்த இரண்டு இடர்களுக்கும் தச்சர்கள் கண்ட ஒரே விடை, சிறு துண்டுகள்.

மரத்தை விரல் நீளத் துண்டுகளாக அறுத்து, ஒவ்வொன்றின் ஓரத்திலும் காடியும் நாக்கும் செதுக்கி, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகிப் பலகையாக்கினார்கள். வெப்பத்திலும் ஈரத்திலும் ஒவ்வொரு துண்டும் தன் இடத்திலேயே சிறிது விரிந்து சுருங்கிக் கொள்ளும். மொத்தப் பலகை வளையாது. மற்ற வேலைகளில் எஞ்சிய மரத்துண்டும் வீணாகாது. துண்டுகளைப் பொருத்த ஓர் ஒழுங்கு தேவைப்பட்டபோது வடிவ கணிதம் துணைக்கு வந்தது. கெய்ரோ வீடுகளின் ‘மஷ்ரபிய்யா’ சாளரங்களும் இதே முறையில் ஆனவை. கடைந்த சிறு மரக்குமிழ்களைக் கோத்த அந்தச் சாளரங்கள் காற்றை உள்ளே விட்டன, வெயிலைத் தணித்தன, வீட்டாரின் மறைவையும் காத்தன.

இந்தக் கலையின் சிகரம் பைத்துல் முகத்தஸில் இருந்தது. குத்ஸ் சிலுவைப் படையினர் கையில் இருந்த காலத்திலேயே, அது மீட்கப்படும் நாளில் அல்அக்ஸாவில் வைப்பதற்கென்று சுல்தான் நூருத்தீன் ஸன்கீ ஹிஜ்ரி 564-இல் (1168-69) அலெப்போவில் ஒரு மிம்பர் செய்யப் பணித்தார். அந்த நாளைக் காணாமலேயே 1174-இல் அவர் மறைந்தார். 1187-இல் குத்ஸை மீட்ட ஸலாஹுத்தீன் அய்யூபி அந்த மிம்பரை அங்கே கொண்டு வந்து நிறுவினார். ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளை ஒன்றோடொன்று கோத்த வேலைப்பாடு அது. 1969 ஆகஸ்ட் 21 அன்று அல்அக்ஸாவில் தீ வைக்கப்பட்டபோது அது எரிந்து போனது. அதைப் போலவே மற்றொன்றைச் செய்ய முனைந்தபோது, பழைய கைவினைஞர்களின் கணக்கை அறிந்துகொள்வதே பெரும்பாடாயிற்று. ஜோர்தானில் பல ஆண்டுகள் உழைத்துச் செய்த புதிய மிம்பர் 2007-இல்தான் அல்அக்ஸாவை அடைந்தது. துண்டு மரத்தை எளிதாகக் கருதுகிறவர்கள் இந்தச் செய்தியைச் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

குர்ஸியும் கஹ்வாவும்

குட்டை மேசைக்கு வருவோம். அரபு வீடுகளில் தரையில் அமர்வோரின் முன், சிறிய தாங்கி ஒன்றின் மேல் பெரிய வட்டத் தட்டை வைப்பது வழக்கமாயிற்று. அந்தத் தாங்கிக்குக் ‘குர்ஸி’ என்று பெயர். மம்லூக் சுல்தான் அந்நாஸிர் முஹம்மதுக்காக முஹம்மத் இப்னு ஸுன்குர் என்னும் கைவினைஞர் ஹிஜ்ரி 728-இல் (1327-28) செய்த அறுகோணக் குர்ஸி இன்றும் கெய்ரோவின் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. பித்தளையில் வெள்ளி பதித்த அரசவைப் பொருள் அது. பொதுமக்களின் வீடுகளில் அதே வடிவம் மரத்தில் நின்றது. திமிஷ்கின் தச்சர்கள் வாதுமை மரத்தில் சிப்பியும் எலும்பும் பதித்து எண்கோண மேசைகளைச் செய்தார்கள்.

அந்த மேசைகளின் மேல் வந்து அமர்ந்த பானம் கஹ்வா. பதினைந்தாம் நூற்றாண்டில் யமன் நாட்டு ஸூஃபிகள் இரவு திக்ருக்கு விழித்திருப்பதற்காக இதை அருந்தினார்கள். 1511-இல் மக்காவில் இதற்குத் தடை விதிக்கப்பட்டது. ஆனால் தடை நிலைக்கவில்லை. 1550-களில் இஸ்தான்பூலில் கஹ்வாக் கடைகள் திறக்கப்பட்டன. 1652-இல் லண்டனிலும் ஒன்று வந்தது. கஹ்வா என்னும் சொல்லே துருக்கியரின் வழியாகக் ‘காபி’ ஆனது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் கெய்ரோ, திமிஷ்க் மேசைகளை விரும்பி வாங்கித் தம் வரவேற்பறைகளில் வைத்தார்கள்; அவற்றைப் பார்த்துச் செய்யவும் செய்தார்கள். அதே வடிவம்தான் இன்று வெளிநாட்டுப் பெயரோடு நம் கடைகளுக்குத் திரும்பி வருகிறது.

‘டீப்பாய்’ என்ற பெயருக்கும் தேநீருக்கும் தொடர்பில்லை. அது ‘திபாய்’ என்னும் இந்துஸ்தானிச் சொல். மூன்றைக் குறிக்கும் இந்தி முன்னொட்டும் காலைக் குறிக்கும் பாரசீகச் சொல்லும் சேர்ந்தது. தமிழில் சொன்னால் முக்காலி!

நம் வீட்டில் ஒன்று

திமிஷ்க் பாணி எண்கோண மேசை ஒன்றை நாமே செய்துகொள்ள முடியும். அளவுகளைக் கூறுகிறோம்.

24 அங்குலச் சதுரப் பலகை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மூலையிலிருந்தும் இரு பக்கமும் 7 அங்குலம் அளந்து குறித்து, குறிகளை இணைத்து மூலையை அறுத்துவிட்டால், ஏறத்தாழப் பத்துப் பத்து அங்குலப் பக்கங்கள் கொண்ட எண்கோணம் கிடைக்கும். அதன் எட்டு மூலைகளையும் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோட்டால் இணைத்தால், ஒன்றன்மேல் ஒன்று திரும்பிக் கிடக்கும் இரண்டு சதுரங்கள் தோன்றும். குர்ஆன் பிரதிகளில் ஹிஸ்பின் கால் பகுதியைக் குறிக்க ஓரத்தில் இடப்படும் அந்த எட்டு முனை வடிவம்தான் அது. ஓதும்போது நம் பிள்ளைகளின் கண் நாள்தோறும் படும் உருவம்.

மேற்பலகைக்கு பிளைவுட் போதும். அதன் மேல் ஒட்டுவதற்குப் பழைய மரக்கடைகளில் கிடைக்கும் கதவு, சட்டத் துண்டுகளை ஒரே கனத்தில் மெலிதாக அறுத்துத் தரச் சொல்லுங்கள். நட்சத்திரத்துக்குக் கருமையான தேக்கு, சுற்றிலும் வெளிர்நிறமான வேம்பு அல்லது மா என்று நிறத்தைப் பிரித்தாலே வடிவம் எழுந்து நிற்கும், சாயம் வேண்டாம். துண்டுகளைப் பசை இல்லாமல் முதலில் அடுக்கிப் பார்த்துவிட்டுப் பிறகு ஒட்டுவது நல்லது. அடியில் 9 அங்குல அகலமும் 16 அங்குல உயரமும் உள்ள எட்டுப் பலகைகளின் ஓரங்களை 22.5 பாகைச் சாய்வில் சீவி ஒட்டினால் அவை தாமாகவே எண்கோணப் பெட்டியாகச் சேரும். மேற்பலகை எல்லாப் பக்கமும் ஓர் அங்குலம் வெளியே நீளும். ஒவ்வொரு பலகையின் அடியிலும் மிஹ்ராபைப் போல ஒரு வளைவை அறுத்தால் கால்கள் வந்துவிடும். உப்புத்தாளால் தேய்த்து, ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகப் பூசிக் காயவிட்டால் மரத்தின் நிறம் தெளியும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்து உலர்த்துங்கள். சுருட்டி வைத்தால் தானே தீப்பற்றக்கூடும்.

அறுப்பதையும் சீவுவதையும் ஊரிலுள்ள தச்சரிடம் கொடுத்துவிடலாம். பெரிய கடைக்குப் போகும் பணத்தில் ஒரு பகுதி நம் தெருவில் உழைப்பவருக்குக் கூலியாகப் போகட்டும். அடுக்குவதையும் தேய்ப்பதையும் பிள்ளைகளோடு வீட்டிலேயே செய்யலாம்.

அழகும் அளவும்

அழகான ஆடையையும் காலணியையும் விரும்புவது பெருமையாகுமா என்று ஒருவர் கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அதை மறுத்து, அல்லாஹ் அழகை விரும்புகிறவன் என்ற கருத்தைக் கூறினார்கள். உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாகக் கருதுவதுமே பெருமை என்று விளக்கினார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. எனவே வீடு அழகாக இருக்க வேண்டும் என்று ஒரு பெண் விரும்புவதை யாரும் குறை கூற முடியாது.

குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. அழகு என்பது விலைச்சீட்டில் இருக்கிறது என்ற எண்ணத்தில் இருக்கிறது. அந்த எண்ணத்துக்காக ஒரு தந்தை வட்டியில் கைவைக்கும் நிலைக்குத் தள்ளப்படுவதில் இருக்கிறது. வீண் விரயத்தை அல்இஸ்ரா அத்தியாயமும், வட்டியை அல்பகரா அத்தியாயமும் எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கின்றன என்பதை நாம் அறிவோம். சீர்ப் பட்டியல் எழுதும் மாப்பிள்ளை வீட்டார் இந்த இடத்தில் தயங்க வேண்டும். மரம் கிடைக்காத ஊரில் துண்டுகளைக் கொண்டே உலகம் வியக்கும் வேலையைச் செய்தவர்கள் நம் முன்னோர். கடன் இல்லாமல் ஒரு வரவேற்பறையை அமைத்துக்கொள்ள நம்மால் முடியாதா?

வல்ல அல்லாஹ் நம் இல்லங்களை வட்டியின் தீங்கிலிருந்து பாதுகாத்து, ஹலாலான சம்பாத்தியத்தில் பரக்கத்தையும், உள்ளதில் நிறைவையும் தந்தருள்வானாக! ஆமீன்.