சூடு எங்கே போகிறது?

சென்ற அக்கினி நட்சத்திரத்தின்போது ஒரு நாள் பிற்பகல் எங்கள் வீட்டு ஏ.ஸி. யந்திரம் எங்களைக் கைவிட்டது. அடியோடு நின்று போயிருந்தாலாவது மனசு சமாதானம் அடைந்திருக்கும். அது நிற்கவில்லை. விளக்கு எரிந்தது, காற்றும் வந்தது, காற்றில் குளிர்ச்சிதான் இல்லை. வாய் நிறையப் பேசிவிட்டுக் காரியம் என்று வரும்போது கையை விரிக்கும் உறவினர்கள் உண்டல்லவா? அந்த மாதிரி அது வெறுங்காற்றாக வீசிக்கொண்டிருந்தது.

கதை எழுதுகிறவன் இந்த மாதிரி சமயத்தில் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான். ரிமோட்டில் உள்ள பொத்தான்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்ப்பது. அதைச் செய்தேன். 18 டிகிரி வரையில் இறக்கினேன். எண் இறங்கியது, உஷ்ணம் இறங்கவில்லை. "அதை வைத்துவிட்டு மெக்கானிக்குக்குச் சொல்லி அனுப்புங்கள்" என்றாள் என் மனைவி.

மறுநாள் வந்த மெக்கானிக்குக்கு இருபத்தைந்து வயசுக்கு மேல் இராது. தோளில் ஒரு பை, கையில் ஒரு சின்ன ஏணி. "குளிர்ச்சியே உற்பத்தியாக மாட்டேன் என்கிறது, தம்பி" என்று முறையிட்டேன். அவர் லேசாகச் சிரித்தார்.

"எந்த மெஷினும் குளிர்ச்சியை உற்பத்தி பண்றதில்லே, சார். ரூமுக்குள்ளே இருக்கிற சூட்டை எடுத்து வெளியிலே கொட்டுது. அவ்வளவுதான். போற வழியிலே எங்கேயோ தடங்கல். எங்கேன்னு பார்க்கணும்."

இதைச் சொல்லிவிட்டு அவர் ரிமோட்டைக் கையில் வாங்கிக் கொண்டார். அவர் பார்வையிட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் வாசகர்களைக் கொஞ்ச தூரம் பின்னால் அழைத்துப் போக விரும்புகிறேன். ஏனென்றால், அந்த இளைஞர் போகிற போக்கில் சொன்ன உண்மையைக் கண்டுபிடிப்பதற்கு உலகத்துக்கு வெகு காலம் பிடித்திருக்கிறது. அதற்காக வாழ்க்கையைத் தொலைத்தவர்களும் உண்டு.

குளிர்ச்சி என்பது அரிசி, பருப்பு மாதிரி ஒரு பண்டம், இருக்கிற இடத்திலிருந்து இல்லாத இடத்துக்கு அதைக் கொண்டுபோக வேண்டியதுதான் என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். அப்படி நினைத்துப் பெரும் பணம் சம்பாதித்தவர் பாஸ்டன் நகரத்து வியாபாரி பிரெடரிக் டியூடர். குளிர்காலத்தில் ஏரிகளில் உறைந்து கிடக்கும் பனியைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி உஷ்ண தேசங்களுக்கு அனுப்பினார். 1806-ல் மார்ட்டினிக் தீவுக்கு அனுப்பியபோது ஊரே சிரித்ததாம். 1833-ல் 'டஸ்கனி' என்ற கப்பல் சுமார் 180 டன் பனிக்கட்டியுடன் பாஸ்டனிலிருந்து புறப்பட்டது. பூமத்திய ரேகையை இரண்டு தடவை தாண்டி, நாலு மாதம் கடலில் மிதந்து அது கல்கத்தா வந்து சேர்ந்தபோது சுமார் 100 டன் கரையாமல் மிஞ்சியிருந்தது. அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

சென்னைக்கும் அந்தப் பனிக்கட்டி வந்தது. அதைப் பத்திரப்படுத்தக் கடற்கரையில் கட்டிய வட்ட வடிவமான கட்டடத்தைத்தான் நாம் ஐஸ் ஹவுஸ் என்கிறோம். 1897-ல் சுவாமி விவேகானந்தர் தங்கிய இடமும் அதுதான். இப்போது அதற்கு விவேகானந்தர் இல்லம் என்று பெயர். அமெரிக்க ஏரித் தண்ணீர் சென்னைக் கடற்கரையில் வந்து துரைமார்களின் கோப்பைகளில் கரைந்தது என்பதை நினைத்தால் கட்டுக்கதை போலத்தான் இருக்கிறது.

அதே காலத்தில் அமெரிக்காவின் தென்கோடியில், ப்ளோரிடா மாகாணத்தில், அப்பலாச்சிகோலா என்ற சிறு துறைமுகத்தில் டாக்டர் ஜான் கோரி என்று ஒருவர் இருந்தார். வைத்தியம் பார்த்தார், போஸ்ட்மாஸ்டராக இருந்தார், நகரத்தின் மேயராகவும் இருந்தார். கோடை வந்தால் அந்த ஊரில் மலேரியாவும் மஞ்சள் ஜுரமும் வரும். உஷ்ணத்தில் அழுகும் சதுப்பு நிலத்தின் கெட்ட காற்றுத்தான் ஜுரத்துக்குக் காரணம் என்று அந்தக் காலத்து வைத்தியர்கள் நம்பினார்கள். கோரியும் அப்படியே நம்பினார். ஆகவே நோயாளியின் அறையில் கூரைக்குக் கீழே ஒரு பாத்திரத்தைத் தொங்கவிட்டு அதில் பனிக்கட்டியைப் போட்டு வைத்தார். குளிர்ந்த காற்று கனமானது அல்லவா? அது கீழே இறங்கி நோயாளியின் மேல் படியும். ஜுரத்தில் தகிக்கும் உடம்புக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்!

ஆனால் பனிக்கட்டி வடக்கேயிருந்து கப்பலில் வரவேண்டும். கப்பல் தாமதமானால் ஐஸ் இல்லை. ஐஸ் இல்லை என்பதற்காக ஜுரம் காத்திருக்குமா? கோரி 1845-ல் வைத்தியத்தையே விட்டுவிட்டு யந்திரத்தில் இறங்கினார்.

அவர் பிடித்துக்கொண்ட விஷயம் எளிமையானது. காற்றை அமுக்கினால் அது சூடாகிறது. சைக்கிளுக்குக் காற்றடித்த யாருக்கும் இது தெரியும். பம்பின் அடிப்பாகம் கையைச் சுடும். அந்தச் சூட்டைத் தண்ணீரைக் கொண்டு வாங்கி வெளியே விட்டுவிட்டு, அமுங்கிய காற்றை மறுபடி விரியவிட்டால், அது தன்னைச் சுற்றியுள்ள சூட்டை உறிஞ்சிக் கொண்டு விரிகிறது. பக்கத்தில் தண்ணீர் இருந்தால் உறைந்துபோகிறது. நம் மெக்கானிக் சொன்னாரே, "சூட்டை எடுத்து வெளியிலே கொட்டுது" என்று, அது இதுதான். 1851-ம் வருஷம் மே மாதம் 6-ந் தேதி அமெரிக்க அரசாங்கம் கோரியின் யந்திரத்துக்கு 8080 என்ற எண்ணுள்ள உரிமைப் பத்திரத்தை வழங்கியது.

உரிமை கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. கூட்டாளி இறந்து போனார். வேறு யாரும் முதல் போட முன்வரவில்லை. கடவுளுக்குப் போட்டியாக ஒரு மனிதன் பனிக்கட்டி செய்வதாவது என்று ஏளனம் செய்தார்களாம். பனிக்கட்டி வியாபாரிகள்தான் தமக்கு எதிராகச் சூழ்ச்சி செய்கிறார்கள் என்று கோரி சந்தேகித்தார். மனம் உடைந்து, உடல் நலிந்து, 1855-ல், ஐம்பது வயதைச் சற்றே தாண்டிய நிலையில் அவர் காலமானார்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. மலேரியாவைப் பரப்புவது கெட்ட காற்று அல்ல, கொசு என்பதற்கு ஆதாரத்தை ரொனால்ட் ராஸ் 1897-ல் நமது ஸிகந்தராபாத்தில் கண்டுபிடித்தார். ஆக, கோரி எந்தக் காரணத்துக்காக யந்திரம் செய்தாரோ அந்தக் காரணமே தவறு; யந்திரம் மட்டும் சரி. 1914-ல் ப்ளோரிடா மாகாணம் அவருடைய சிலையை வாஷிங்டன் காங்கிரஸ் மாளிகையில் கொண்டுபோய் வைத்தது. உயிரோடு இருந்தபோது ஒரு ஆயிரம் டாலர் கொடுத்து உதவ ஆளில்லை.

"ஸார், இதைப் பாருங்க" என்று மெக்கானிக் கூப்பிட்டார். முன்மூடியைத் திறந்து வலையை வெளியே எடுத்திருந்தார். பில்டர் என்கிற அந்த வலையின் மேல் தூசி கம்பளி போலப் படிந்திருந்தது. "இது அடைச்சுக்கிட்டா காத்து உள்ளே போகாது. காத்துப் போகலேன்னா உள்ளே காயில் மேலே ஐஸ் கட்டிக்கும். அப்புறம் சுத்தமாக் குளிர்ச்சி வராது. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை நீங்களே குழாயடியிலே கழுவலாம்."

குளிர்ச்சி வேண்டும் என்று ஒருவர் ஐஸுக்காக உயிரை விட்டார். இங்கே ஐஸ் கட்டுவதாலேயே குளிர்ச்சி போய்விடுகிறது! ஆனால் நல்ல வேளை, எங்கள் யந்திரத்தில் ஐஸ் கட்டியிருக்கவில்லை. "இது மட்டும் காரணமில்லே சார்" என்று அவர் தண்ணீர் சொட்டும் குழாயை ஆராயத் தொடங்கினார்.

இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? அறையின் காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும் ஈரம்தான் குளிர்ந்த குழாயில் பட்டு நீராகிச் சொட்டுகிறது. ஏ.ஸி. யந்திரம் பிறந்ததே இந்த ஈரத்துக்காகத்தான். மனிதனுடைய சுகத்துக்காக அல்ல. புத்தகம் போடுகிறவர்களுக்கும் படிக்கிறவர்களுக்கும் இந்த விஷயம் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

1902-ல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஸாக்கெட்-வில்ஹெல்ம்ஸ் என்று ஓர் அச்சகம் இருந்தது. வர்ணப் படங்களை ஒவ்வொரு வர்ணமாக, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட வேண்டும். புழுக்கமான நாட்களில் காகிதம் ஈரத்தைக் குடித்து ஒரு மயிரிழை பெருத்துவிடும், மறுநாள் சுருங்கிவிடும். சிவப்பு ஓரிடத்திலும் மஞ்சள் இன்னோரிடத்திலும் விழும். படத்திலுள்ள அம்மாளுக்கு உதடு ஒரு பக்கமும் உதட்டுச் சாயம் ஒரு பக்கமும் இருந்தால் யார் காசு கொடுப்பார்கள்? இதற்கு வழி செய்யும் பொறுப்பு, பஃபலோ நகரத்துக் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷமே ஆகியிருந்த வில்லிஸ் காரியர் என்ற 25 வயது எஞ்சினீயரிடம் வந்தது. அந்த வருஷம் ஜூலை 17-ந் தேதியிட்ட அவருடைய வரைபடங்களிலிருந்துதான் இன்றைய ஏ.ஸி.யின் சரித்திரம் ஆரம்பமாகிறது. குளிர்ந்த குழாய்ச் சுருள்களின் மேல் காற்றைச் செலுத்தி, ஈரத்தை நீராக்கிப் பிரித்து எடுத்தார் காரியர். காகிதம் தன் அளவில் நின்றது; வர்ணங்கள் தங்கள் இடத்தில் விழுந்தன. நாலு வருஷம் கழித்து, 1906-ல், ஸ்டூவர்ட் கிராமர் என்ற நெசவாலை எஞ்சினீயர் இந்தக் கலைக்கு 'ஏர் கண்டிஷனிங்' என்று பெயர் வைத்தார்.

காகிதத்துக்கும் நூலுக்கும் கிடைத்த சுகம் மனிதர்களுக்குக் கிடைக்க இன்னும் சில வருஷங்கள் ஆயின. பொது ஜனங்கள் அதை அனுபவித்தது சினிமாக் கொட்டகையில். 1925-ம் வருஷக் கோடை ஆரம்பத்தில் நியூயார்க்கின் ரிவோலி தியேட்டரில் காரியர் தம்முடைய யந்திரத்தை வைத்தார். முதல் நாள் ஜனங்கள் வழக்கம் போல் விசிறியோடு வந்து உட்கார்ந்தார்கள். காரியருக்கு வயிற்றில் புளி கரைத்தது. கொட்டகை முழுவதும் விசிறிகள் ஆடிக்கொண்டிருந்தன. மெல்ல மெல்ல ஒரு விசிறி நின்றது, பிறகு ஒன்று, பிறகு வரிசை வரிசையாக விசிறிகள் மடியில் இறங்கின. கைதட்டலைவிட உயர்ந்த பாராட்டு அல்லவா அது?

பெரிய கொட்டகைக்கு வந்தது சின்ன வீட்டுக்கு வருவதற்கு ஒரு தடை இருந்தது. சூட்டைச் சுமந்து செல்ல யந்திரத்துக்குள் ஒரு வாயு வேண்டும். அம்மோனியா, கந்தக வாயு முதலியவை அந்தக் காலத்தில் சுமை கூலிகள். கசிந்தால் ஆபத்து. தாமஸ் மிட்ஜ்லி என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் 1928-ல் விஷமில்லாத, தீப்பிடிக்காத ஒரு வாயுவைக் கண்டுபிடித்தார்கள். 1930-ல் ரசாயன அறிஞர்களின் சபையில் மிட்ஜ்லி அதை நெஞ்சு நிறைய இழுத்து, எரிகிற மெழுகுவர்த்தியின் மேல் ஊதி அணைத்துக் காட்டினார். விஷமும் இல்லை, தீயும் இல்லை! ப்ரீயான் என்ற அந்த வாயு வீடு வீடாகப் புகுந்தது.

மனிதனுக்குத் தீங்கு செய்யாத அந்தச் சாது, ஆகாயத்தில் ஏறிப் போய் ஓஸோன் படலத்தை அரிக்கும் என்று மொலீனாவும் ரோலண்டும் 1974-ல் எச்சரித்தார்கள். 1985-ல் தென் துருவத்துக்கு மேலே ஓஸோன் ஆபத்தான அளவுக்குக் குறைந்துபோயிருப்பது தெரிந்தது. 1987-ல் மான்ட்ரீல் நகரத்தில் தேசங்கள் கூடி அந்த வகை வாயுக்களைக் கைவிட ஒப்பந்தம் செய்தன. அவற்றுக்குப் பதிலாக வந்த வாயுக்கள் ஓஸோனை விட்டுவிட்டன. ஆனால் பூமியைச் சூடேற்றுகின்றன. அவற்றையும் குறைக்க வேண்டும் என்று 2016-ல் கிகாலியில் கூடி முடிவு செய்தார்கள். அறையைக் குளிர வைக்க எடுத்த வாயு உலகத்துக்கு ஜுரம் கொண்டுவருகிறது!

"கேஸ் குறைந்திருக்குமோ?" என்று எனக்குத் தெரிந்த பெரிய சந்தேகத்தைக் கேட்டேன்.

"கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகிறது இல்லே, சார். குறைஞ்சா எங்கேயோ ஓட்டைன்னு அர்த்தம். ஓட்டையை அடைக்காம நிரப்பினா உங்க பணமும் போகும், கேஸும் போகும்" என்றவர், அளந்து பார்த்துவிட்டு, "கேஸ் சரியா இருக்கு. வெளி யூனிட் எங்கே?" என்று கேட்டார்.

அது பின்பக்கச் சந்தை நோக்கி, சுவரில் ஆள் மட்டத்துக்குச் சற்று மேலே இருந்தது. பொருத்திய நாளுக்குப் பிறகு நான் அதைப் பார்த்ததே இல்லை. அன்றைக்குப் போய்ப் பார்த்தேன். விசிறிக்கு ஒரு சாண் எதிரே ஒரு பழைய பலகை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் சாக்கு போர்த்தியிருந்தது.

"இதுதான் சார் கம்ப்ளெயிண்ட்! விடற அனல் பலகையிலே மோதித் திரும்ப மெஷினுக்குள்ளேயே போகுது. தான் கொட்டின சூட்டையே தான் குடிச்சா எப்படிக் குளிரும்?"

எனக்குக் கோபம் வந்தது. "யார் வைத்தது இதை?" என்றேன் உரக்க.

சந்தில் வண்டி போட்டு இஸ்திரி போடும் அம்மாள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். எங்கள் வீட்டுத் துணிக்கும் அவள்தான். "நான்தான் வெச்சேன், சார். பகல்லே எனக்கு ஒண்ணும் இல்லே. கரிப்பெட்டி அனல் பழகிப்போச்சு. ராத்திரி புள்ளே இங்கேதான் படுக்குது. மூஞ்சியிலேயே அடிக்குது. உங்க கிட்டே எப்படிச் சொல்றதுன்னு..." என்று நிறுத்திக்கொண்டாள்.

மெக்கானிக் என்னைப் பார்த்தார். வந்த கோபத்தை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. சூடு வெளியே போகிறது என்று படித்தேன், கேட்டேன், இந்தக் கட்டுரையில் எழுதவும் எழுதுகிறேன். 'வெளியே' என்றால் எங்கே என்று மட்டும் இத்தனை கோடையில் ஒரு நாளும் நான் கேட்டதில்லை.

"மொட்டை மாடிக்குக் கொண்டுபோக முடியுமா, தம்பி?"

"முடியும், சார். கூடக் கொஞ்சம் செப்புக் குழாய், ஸ்டாண்டு, கூலி எல்லாம் ஆகும்."

ஆயிற்று. நான் பயந்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகவே ஆயிற்று. இரண்டு நாள் கழித்து அந்த அம்மாள் துணி மூட்டையோடு வந்தாள்.

"இப்போ ஜில்லுன்னு வருதா, சார்?"

"வருகிறது, அம்மா. பையன் தூங்குகிறானா?"

"நேத்து ராத்திரி கடல் காத்து வந்துச்சு, சார். நல்லாத் தூங்கிச்சு" என்று சொல்லி, துணிகளை எண்ணிக் கொடுக்க ஆரம்பித்தாள்.